குட்டி பிறக்கும் முன்பே வீடு பார்க்க வேண்டும்

"அண்ணே, எங்க பெட்டை ஹீட்டுக்கு வந்திருச்சு. நல்ல கடுவனா ஒண்ணு இருந்தா சொல்லுங்க."

மாதத்துக்கு ஒரு முறையாவது நாய் வளர்ப்பவர் யாரிடமிருந்தாவது எனக்கு இப்படி ஒரு போன் வரும். ஹீட் என்றால் பெட்டை நாய் இணைசேரும் பருவம்; கடுவன் என்றால் ஆண் நாய். நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான். பெட்டைக்கு வயது என்ன? குட்டி வேண்டும் என்று இதுவரை உங்களிடம் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு, "ஒரு வருஷம் ஆகப்போகுது" என்பார்கள். இரண்டாவதற்கு, "போட்டா எடுத்துக்க ஆளா இல்ல?" என்பார்கள்.

ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பது ஏழு குட்டிகள் பிறந்து, வளர்ந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கடித்துக்கொண்டு திரியும்போதுதான் தெரியவரும். அப்போது கேட்டவர் கையில் எல்லாம் குட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிடும். அதில் எத்தனை சங்கிலியிலேயே கிடந்து சாகிறது, எத்தனை தெருவுக்குப் போகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் நாய் இனப்பெருக்கத்தில் இறங்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேலை குட்டியைப் பெற வைப்பதில் தொடங்குவதில்லை, குட்டிக்கு வீடு பார்ப்பதில் தொடங்குகிறது. நான்கு பேராவது "எனக்கு ஒன்று வேண்டும், காத்திருக்கிறேன்" என்று பெயர் கொடுத்த பிறகுதான் கடுவன் தேடுவதைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

நான் ராஜபாளையம் நாய் வளர்ப்பவன். அதனால் இங்கே சொல்வதெல்லாம் அந்த நாயை வைத்துத்தான். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இவை நம் மண்ணின் நாய்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இந்திய இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. பெருமைதான். ஆனால் பெருமை கூடக் கூடக் குட்டி கேட்பவர்களும் கூடுகிறார்கள். குட்டி கேட்பவர்கள் கூடினால் எந்தப் பெட்டையையும் எந்தக் கடுவனோடும் சேர்த்துவிடும் ஆட்களும் கூடிவிடுகிறார்கள்.

வெள்ளையும் காதும்

ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். காதில் ஒரு சின்னப் பழுப்புத் திட்டு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார். அந்தத் திட்டு உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்களுக்கு உள்காதிலும் வேலை உண்டு. காதுக்குள் நத்தை ஓட்டைப்போல் சுருண்டிருக்கும் பகுதியில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் உயிரோடு இருப்பதற்குத் தேவையான சூழலைக் காப்பது இந்த நிறமிச் செல்கள்தான். உடம்பு முழுக்க வெள்ளையாக்கும் மரபணுக்கள் சில குட்டிகளில் உள்காதுக்கும் அந்தச் செல்கள் போய்ச் சேராமல் தடுத்துவிடுகின்றன. குட்டி பிறக்கும்போது குறை எதுவும் தெரியாது. மூன்று, நான்கு வாரத்தில் மயிர்ச்செல்கள் செத்துப்போகும். அதற்குப் பிறகு அந்தக் காது கேட்காது. மருந்தும் கிடையாது. ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது. டால்மேஷியன் நாய்களில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த இனத்தில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுகளுமோ கேட்பதில்லை. பிறவியிலேயே உடம்பில் பெரிய நிறத்திட்டு உள்ள டால்மேஷியன்களில் இந்தக் குறை குறைவு என்பதும் அங்கே கண்டதுதான். நாம் விலை குறைக்கும் திட்டு, காதைக் காத்த திட்டாக இருக்கலாம்.

போன ஈற்றுக்கு முந்தைய ஈற்றில் எங்கள் பெட்டை ஏழு போட்டாள். ஏழும் அச்சு அசல் ஒரே வெள்ளை. எது எது என்று தெரிய ஒவ்வொன்றின் கால் நகத்திலும் ஒவ்வொரு நிறத்தில் நகப்பூச்சு வைத்திருந்தோம். ஐந்து வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தோம். கூட்டத்தில் வைத்துச் சோதிக்கவே கூடாது. ஒன்று தலை திருப்பினால் அதைப் பார்த்து மற்றதும் திருப்பும். தரையில் காலைத் தட்டினாலும் ஏமாறுவோம், சிமெண்ட் தரை அதிர்வதைக் கேட்காத குட்டியும் உணரும். கைதட்டினால் காற்று பட்டுத் திரும்பும். அதனால் சாக்கு விரித்து, அதன்மேல் குட்டியைத் தூங்கவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினோம். ஆறு குட்டிகளும் பதறி எழுந்தன. நீலநகப்பூச்சுக்காரி மட்டும் வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டே இருந்தாள். இன்னொரு முறை, இன்னும் பலமாகத் தட்டினேன். காது நுனிகூட அசையவில்லை. என் மனைவி உள்ளே போய் அவள் மூக்கருகே விரலை வைத்ததும் கண் விழித்து வாலை ஆட்டினாள்.

அவள் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறாள். கையை உயர்த்தினால் உட்காருவாள், உள்ளங்கையைக் கீழே காட்டினால் படுப்பாள், இரவில் டார்ச் அடித்தால் வந்துவிடுவாள். கருத்தடை செய்தாயிற்று. கேட்காத நாய் வாழ முடியாத நாய் இல்லை, ஆனால் குட்டி போடக் கூடாத நாய். அவளைப் பெற்ற ஜோடியையும் நான் மறுபடி சேர்க்கவில்லை. இரண்டுக்கும் காது கேட்கும். இருந்தும் இப்படி ஒரு குட்டி வந்ததால் குறை அந்த இரத்தத்தில் இருக்கிறது. வீட்டில் செய்யும் டம்ளர் சோதனையால் இரண்டு காதும் கேட்காத குட்டியைத்தான் பிடிக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி சத்தத்துக்குத் திரும்பத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க, காதுக்குள் ஒலி கொடுத்து மூளை வரை போகிறதா என்று மின்முனைகளால் அளக்கும் சோதனை தேவை. எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் நாயையாவது கூட்டிப்போய்ப் பார்ப்பது நல்லது.

இந்தக் குறைகள் பெருகுவதற்கு இன்னொரு காரணம், ஒரே குடும்பத்துக்குள் சேர்ப்பது. "நல்ல கடுவன்" என்று ஊரில் பேர் வாங்கிய ஒன்றையே எல்லாப் பெட்டைக்கும் போட்டு, பிறகு அதன் மகளுக்கும் அதையே போடுவார்கள். அப்பனையும் மகளையும் சேர்த்தாலும், அண்ணனையும் தங்கையையும் சேர்த்தாலும் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கு, அதாவது 25 சதவீதம், இரு பக்கமும் ஒரே நகலாக வந்து சேரும். தாத்தன் பேத்தி என்றால் 12.5 சதவீதம். மறைந்து கிடக்கும் குறைகள் வெளியே வருவது இப்படித்தான். அழகு நிற்கிறது என்று சொல்வார்கள். ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறைவதும், பிறந்த குட்டி நோஞ்சானாக நிற்பதும் அதே கணக்கில்தான் வரும். அதனால் பெட்டைக்கும் கடுவனுக்கும் மூன்று தலைமுறைப் பெயராவது எழுதி, ஒரே பெயர் இரு பக்கமும் வருகிறதா என்று பாருங்கள். எழுதி வைக்காதவரிடம் கடுவன் கேட்காதீர்கள்.

யாரைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது

பெட்டை பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் முதல் ஹீட்டுக்கு வரும். பெரிய உடம்புள்ள நாய்களில் ஒரு வருடம்கூட ஆகலாம். வந்துவிட்டது என்பதற்காகச் சேர்த்துவிடக் கூடாது. அவளே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளும் இதையே சொல்கின்றன: பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சேர்க்கும் முன் மருத்துவர் பார்த்து உடல்நலம் சரி என்று சான்று தர வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, அடுத்தடுத்த ஹீட்டில் சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஈற்றுதானே என்று நினைப்பவரும் முதலில் வாரியத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

ஐந்து ஈற்று என்பது உச்ச வரம்பு. என் கருத்தில் மூன்றே அதிகம்.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் பெட்டைக்கு நல்லது" என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. அதில் உண்மை இல்லை. குட்டி போட வைத்துத்தான் பெட்டையின் உடல்நலத்தைக் காக்க வேண்டும் என்று இல்லை. கருத்தடை செய்யாமல் விட்டால் வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம்; அது உயிரையே எடுக்கக்கூடியது. இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்று முடிவு செய்த பெட்டைக்குக் கருத்தடை செய்வதுதான் அவளுக்குச் செய்யும் நன்மை.

ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பதில் முதலாவது காது. பிறகு குணம். ராஜபாளையம் காவல் நாய், வேற்றாளைச் சட்டென ஏற்காது, அது இயல்பு. ஆனால் வீட்டு ஆளையே கடிக்கும் நாயையும், பயத்தில் மூலையில் ஒடுங்கும் நாயையும் சேர்க்கக் கூடாது, இரண்டும் குட்டிக்கு இறங்கும். கடுவனுக்கு இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று வயிற்றிலேயே தங்கிவிட்ட கடுவனுக்குக் குட்டி பிறக்கலாம், அந்தக் குறையும் சேர்ந்து பிறக்கலாம். அடுத்தது புருசெல்லா இரத்தப் பரிசோதனை. நம் பக்கம் பெரும்பாலோர் விடுவது இதைத்தான். இணைசேரும்போது பரவும் கிருமி அது. வெளியே ஒன்றும் தெரியாது; சினை ஏறக்குறைய முற்றிய நேரத்தில் குட்டிகள் செத்து விழும். மனிதருக்கும் தொற்றக்கூடியது. இரண்டு நாய்களுக்கும் பார்த்து, இரண்டுக்கும் இல்லை என்று தாள் கைக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும்.

ஹீட் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். முதல் ஒன்பது நாள் போல உதிரம் போகும், அப்போது கடுவனை நெருங்கவிடமாட்டாள். பிறகு உதிரம் வெளிறி, வாலை ஒதுக்கி நிற்பாள். நாள் எண்ணிச் சேர்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பெட்டைக்குப் பெட்டை நாள் மாறும். இரத்தத்தில் புரொஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோனின் அளவு பார்த்தால் முட்டை எப்போது வெளிவருகிறது என்று மருத்துவர் சொல்லிவிடுவார். இணைசேர்ந்ததும் இரண்டும் பின்புறமாகப் பூட்டிக்கொண்டு பத்து நிமிடமோ அரை மணி நேரமோ நிற்கும். தெருவில் இதைப் பார்த்ததும் கல் எறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் நாம் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். பிரித்து இழுத்தால் இரண்டுக்கும் உள்ளே கிழிந்துவிடும். பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருங்கள், போதும். அதன் பிறகும் மூன்று வாரம் முடியும்வரை பெட்டையைக் கதவுக்குள் வையுங்கள். ஒரே ஈற்றில் இரண்டு அப்பன் குட்டிகள் பிறக்க முடியும். சுவர் ஏறிக் குதித்துவரும் தெருநாய்க்கு நம் திட்டம் தெரியாது.

அறுபத்து மூன்று நாள்

முட்டை வெளிவந்த நாளிலிருந்து ஏறக்குறைய 63 நாள் சினைக்காலம். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57-லிருந்து 72 வரை போகலாம். நான்காவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் சினையா என்று தெரியும். 55-வது நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், எத்தனை குட்டி என்று எண்ணிக்கை தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை ஈனும் இரவில் பெரிய துணை. "எல்லாம் வந்துருச்சா, உள்ள ஒண்ணு இருக்கா" என்று நடுச்சாமத்தில் தவிக்க வேண்டாம்.

சாப்பாட்டை முதல் மாதத்திலேயே இரட்டிப்பாக்கிப் பெட்டையைப் பருக்க வைக்காதீர்கள். கடைசி மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் போதும். அதைவிட முக்கியம், சினை நாளெல்லாம் கால்சியம் டானிக் ஊற்றும் பழக்கத்தை விடுவது. அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து கால்சியம் கொட்டக் கொட்ட, தேவைப்படும்போது எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் விடும் சுரப்பி வேலையை மறந்துவிடும். ஈன்று பால் ஊறும் நேரத்தில் திடீரெனக் கால்சியம் இறங்கி, மூச்சு வாங்கி, கால் விறைத்து, வலிப்பு வந்துவிடலாம். அப்படி வந்தால் மணிக்கணக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. குட்டிகளைப் பால் குடிக்கவிடாமல் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே இடம் பழக்குங்கள். பெட்டி தாய் கால் நீட்டிப் படுக்கும் அளவு அகலமும், குட்டி ஏறி வெளியே விழாத உயரமும் இருந்தால் போதும். காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். நாயின் இயல்பான சூடு 101, 102 பாரன்ஹீட். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுத்துவிடும். சாப்பாட்டை ஒதுக்குவாள், மூச்சிரைப்பாள், துணியைக் கிழித்து மண்ணைத் தோண்டுவதுபோல் தோண்டுவாள். எங்கள் பெட்டை முதல் ஈற்றின்போது என் வேட்டியை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல்தான் படுத்தாள்.

வலி எடுத்தபின் பெரும்பாலும் நம் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. குட்டி பையோடு வரும், தாய் பையைக் கிழித்துத் தொப்புள்கொடியைக் கடித்து நக்கத் தொடங்குவாள். பின்னங்கால் முதலில் வந்தால் பயப்படாதீர்கள், நாய்க்கு அது சகஜம். முதல் ஈற்றில் தாய்க்குப் புரியாமல் பையோடு குட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்; அப்போது நாம் பையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலை சற்றுத் தாழ இருக்கும்படி பிடித்து, காய்ந்த துண்டால் முதுகை அழுத்தித் தேய்க்க வேண்டும். எங்கள் மூன்றாவது குட்டி அப்படித்தான், துவண்ட துணிபோல் என் உள்ளங்கையில் கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், தேய்த்துக்கொண்டே இருந்தேன். நாக்கு நீலம் பாரித்திருந்தது. பிறகு ஒரு விக்கல்போல வாயைத் திறந்தது, இன்னொன்று, அப்புறம் கீச்சென்று ஒரு குரல். தாய் சட்டென்று தலையைத் தூக்கி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

மருத்துவரை எப்போது எழுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை. உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது இல்லை. முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் நீர் வருகிறது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த வாரம் முழுக்க இரவில் வரக்கூடிய மருத்துவரின் எண்ணும் ஒரு வண்டியும் சிசேரியனுக்கான பணமும் கையில் இருக்க வேண்டும். பணம் இல்லை என்றால் அந்த வருடம் சேர்க்காமல் இருந்துவிடலாம், தவறே இல்லை.

சூடு, எடை, பால்

பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் படுக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். நம் கரிசல் பூமிச் சித்திரை வெயிலில் குளிர்ச்சி பிரச்சினை இல்லை, கொதிப்புதான் பிரச்சினை. மார்கழியில் அப்படியே மாறும். எந்த மீட்டரும் வேண்டாம், குட்டிகளே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் கால் பரப்பிக் கிடந்தால் வேகிறது. பக்கம் பக்கமாக ஒட்டித் தூங்கினால் சரியாக இருக்கிறது.

ஒரு சமையலறைத் தராசும் ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும், பத்து நாள் வாக்கில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். 380 கிராமில் பிறந்த எங்கள் சிவப்புநகப்பூச்சுக்காரன் மூன்றாம் நாள் 372-ல் நின்றான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, நன்றாகத்தான் முண்டிக்கொண்டிருந்தான். தராசுதான் சொன்னது. பால் அதிகம் ஊறும் பின்மடியில் அவனை முதலில் பிடித்துவைத்து, மற்றவர்களைச் சிறிது நேரம் ஒதுக்கினோம். ஐந்தாம் நாள் 430.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். வயிறு வேலை செய்யாது, உள்ளே புளிக்கும். முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றி, பிறகு பால். தாய்ப்பால் இல்லாத குட்டிக்குப் பசும்பால் கொடுப்பதும் சரியில்லை. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு. பசும்பாலில் குட்டி கழியும், எடை ஏறாது. கடைகளில் நாய்க்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. பிறந்த முதல் நாளுக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், நோய் எதிர்ப்பு பெரும்பாலும் அதில்தான் வருகிறது.

இரண்டு வாரத்தில் கண் திறக்கும், காதும் திறக்கும். முதல் குடற்புழு மருந்தும் அப்போதே தொடங்க வேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. "எங்க வீட்டுக் குட்டிக்கு எப்படிப் புழு வரும்?" என்று கேட்பார்கள். உருண்டைப்புழு தாயின் உடம்பிலிருந்து கருவிலேயே குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். குட்டியின் மலத்திலிருந்து வீட்டுக் குழந்தைகளுக்கும் வரும்.

மூன்றரை வாரத்தில் கூழ் பழக்கலாம். நம் பக்கம் கேழ்வரகுக் கூழும் தயிரும்தான் வழக்கம். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் அது மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. வேகவைத்து எலும்பு நீக்கிய கோழியும் முட்டையும் சேர வேண்டும், அல்லது குட்டிகளுக்கான நல்ல தீவனத்தை ஊறவைத்துக் கொடுக்கலாம்.

எட்டு வாரம் ஏன்

நான் வாங்கிய முதல் ராஜபாளையம் குட்டிக்கு முப்பது நாள்தான் ஆகியிருந்தது. விற்றவர், "இப்பவே எடுத்தாத்தான் தம்பி உங்ககிட்ட ஒட்டும்" என்றார். நம்பினேன். ஏழாம் நாள் வாந்தி, அடுத்த நாள் இரத்தமாகப் பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் போய்விட்டது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த முற்றத்தில் ஒரு வருடம் வேறு குட்டி விடவில்லை.

தடுப்பூசியை ஏன் இரண்டு மூன்று முறை போடுகிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறது. அதே சக்தி தடுப்பூசியையும் அடித்துவிடுகிறது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், ஆறு வாரத்திலும் குறையலாம், பதினாறு வாரம் வரையும் இழுக்கலாம். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம்வரை போடுகிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதம்.

எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்ததோடும் இருப்பதால் வரும் இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரிவது. ஒன்றை ஒன்று கடித்து விளையாடும்போது பலமாகக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி கற்பது அங்கேதான். முப்பது நாளில் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைக்காது. பிறகு நம் கையிலும் குழந்தைகள் காலிலும் அதைக் கற்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை குட்டியின் மனசு திறந்திருக்கும். அப்போது பார்த்துப் பழகியதெல்லாம் உலகத்தில் சகஜம், பார்க்காதது எல்லாம் சந்தேகம். இயல்பிலேயே வேற்றாளிடம் விலகி நிற்கும் ராஜபாளையத்துக்கு இந்தக் காலம் இன்னும் முக்கியம். குக்கர் விசில், மிக்ஸி, ஹெல்மெட் போட்டு வருகிறவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் வைத்த தாத்தா, ஓடி விழும் குழந்தை எல்லாம் குட்டிக்கு அறிமுகமாக வேண்டும். நான் பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தினமும் அரை மணி நேரம் குட்டிகளுக்கு நடுவில் உட்கார வைப்பேன். அவருக்கும் பொழுது போகும்.

யாருக்குக் கொடுப்பது

வாங்க வருகிறவரிடம் நான் விலையைக் கடைசியில்தான் பேசுவேன். முதலில், நாய் எங்கே படுக்கும்? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? முயல் வேட்டைக்கு என்று வாயைத் திறந்தால் அங்கேயே முடிந்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்த வேலைக்கு என் குட்டி போகாது. இரண்டு குட்டி சேர்த்துக் கேட்பவருக்கும், இனப்பெருக்கத்துக்கென்றே பெட்டை கேட்பவருக்கும் உடனே கொடுப்பதில்லை. ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். கொடுக்கும்போது தடுப்பூசிப் புத்தகம், புழு மருந்து கொடுத்த தேதிகள், சாப்பிட்டுப் பழகிய தீவனம் ஒரு வாரத்துக்கு, தாய் படுத்த துணியில் ஒரு துண்டு எல்லாம் கூடப் போகும்.

ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவேன். அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: எந்த வயதில், எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் நாயை என்னிடமே திருப்பித் தர வேண்டும்.

அந்த ஏழில் பச்சைநகப்பூச்சுக்காரன் மூன்று வயதில் திரும்பி வந்தான். வளர்த்தவருக்குச் சென்னைக்கு மாற்றல், அடுக்குமாடி வீடு, வைத்துக்கொள்ள வழியில்லை. காரிலிருந்து இறக்கிவிட்டு அவர் அழுதுகொண்டே போனார். இவன் கேட்டருகே ஒரு மணி நேரம் ரோட்டைப் பார்த்து நின்றான். பிறகு வீட்டை மோந்துகொண்டே சுற்றிவந்து, தான் பிறந்த அறைக்குள் போய், ஈனும் பெட்டி வைக்கும் மூலையில் சுருண்டு படுத்தான். இப்போதும் அங்கேதான் படுக்கிறான். அந்த அறை அவனுக்கு ஆகிவிட்டதால் அந்த வருடம் பெட்டை ஹீட்டுக்கு வந்தபோது நாங்கள் சேர்க்கவில்லை. பெயர் கொடுத்துக் காத்திருந்த ஐந்து பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.